புரொப்பெல்லர் முதலா, இன்ஜின் உயரம் முதலா? பாஸ் படகைச் சரியாக அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே கம்பெனி, ஒரே மாடல், பாஸ் மீன் பிடிக்கும், 20 அடி நீளமுள்ள இரண்டு பாஸ் படகுகள். இரண்டிலும், படகின் பின்னால் வெளியே மாட்டும் 250 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின். ஒன்று மணிக்கு 71 மைல் ஓடுகிறது. மற்றது 67-க்கு மேல் நகர மறுக்கிறது. இரண்டாவது படகுக்காரர் பெரும்பாலும் என்ன செய்வார் என்றால், புதிதாக ஒரு புரொப்பெல்லர் வாங்குவார். இந்த ரகத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புரொப்பெல்லர் ஒன்று பல நூறு டாலர். அதை மாட்டிய பிறகும் ஒரு மைல்தான் கூடியது என்றால் அடுத்ததைத் தேடுவார். அமெரிக்க ஏரிக்கரை வீடுகளின் கராஜ் சுவர்களில் வரிசையாகத் தொங்கும் புரொப்பெல்லர்களில் பாதி இப்படி வந்தவைதான்.

புரொப்பெல்லரும் இன்ஜின் உயரமும் தனித்தனி விஷயங்கள் அல்ல. ஒன்றை மாற்றினால் மற்றதற்கான சரியான விடையும் மாறிவிடும். அதனால் எதை முதலில் தொடுவது, மாற்றியது பலன் தந்ததா என்பதை எந்த எண்ணை வைத்துத் தீர்மானிப்பது என்ற ஒழுங்கு வேண்டும். கீழே சொல்லியிருப்பது அந்த ஒழுங்கு.

படகின் அடியில் உள்ள 'பேட்'

பாஸ் மீன் பிடிப்பதற்கென்றே உருவான படகு இது. 1948-ல் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட்டில் ஹோம்ஸ் தர்மண்ட் கட்டிய ஸ்கீட்டர் படகை முதல் பாஸ் படகு என்பார்கள். 1968-ல் ஆர்க்கன்சா மாநிலத்தின் ஃப்ளிப்பின் என்ற சிற்றூரில் ஃபாரஸ்ட் வுட் என்பவர் ரேஞ்சர் படகு நிறுவனத்தைத் தொடங்கினார். அன்றைய சின்ன இன்ஜின்களிலிருந்து இன்றைய 250 வரை வந்ததில் அடிப்பாகத்தின் வடிவமும் மாறியது. இப்போதைய ஃபைபர் பாஸ் படகுகளில், V வடிவ அடியின் நடுவே பின்பக்கத்தில் சில அங்குல அகலத்துக்குத் தட்டையான ஒரு பட்டை இருக்கும். அதுதான் பேட். முழு வேகத்தில் படகு ஏறக்குறைய அந்தப் பட்டையின் மேல் மட்டுமே நிற்கிறது. ஆகவே இன்ஜின் உயரத்தை டிரான்சத்தின், அதாவது படகின் பின்சுவரின், விளிம்பிலிருந்து அளப்பதில் பயனில்லை. பேட்டிலிருந்து புரொப்பெல்லர் ஷாஃப்டின் மையம் எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்பதே கணக்கு.

முதலில் படகைச் சந்தேகியுங்கள்

ஸ்பேனரை எடுக்கும் முன் அரை மணி நேரம் இதற்குச் செலவிடுங்கள். திராட்டில், அதாவது இன்ஜினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு, முழுதாகத் திறக்கிறதா? கேபிள் வைத்த இன்ஜின்களில் கேபிள் தளர்ந்து, நீங்கள் கடைசிவரை அழுத்தியும் இன்ஜினில் முழுதாகத் திறக்காமல் இருப்பது மிகச் சாதாரணம். அந்தப் படகுக்கு எந்தப் புரொப்பெல்லரும் உதவாது.

புரொப்பெல்லரின் பிளேடு ஓரங்களில் விரலை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சின்ன வளைவுகூட வேகத்தைத் தின்னும். நடுவிலுள்ள ஹப் நழுவுகிறதா என்று அறிய, ஹப்பின் மேலும் புரொப்பெல்லரின் மேலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டு ஓட்டுங்கள். திரும்பி வரும்போது கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் ஹப் போய்விட்டது. கழற்றியது கழற்றியதாக, ஷாஃப்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். சுற்றிய நரம்பு ஷாஃப்டின் எண்ணெய் சீலை அறுத்து, கியர்பாக்ஸுக்குள் தண்ணீரை விட்டுவிடும்.

பேட்டின் மேல் ஒரு நேரான உலோகப் பட்டையை நீளவாக்கில் வைத்துப் பார்ப்பதும் நல்லது. டிரெய்லரின் தாங்கு கட்டைகள் டிரான்சம் வரை நீளாமல் இருந்தால், வருடக்கணக்கில் நிறுத்தி வைத்ததில் அடிப்பாகம் வளைந்திருக்கலாம். கடைசிச் சில அடிகளில் கீழ்நோக்கிய வளைவு இருந்தால் மூக்கு எழும்பவே எழும்பாது. அதைச் சரிசெய்வது ஃபைபர் பட்டறையின் வேலை.

உயரத்தை அளக்கும் முறை

1. படகு டிரெய்லரில் இருக்கட்டும். சமமான சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். பேட்டின் அடியில் ரசமட்டம் வைத்து, டிரெய்லரின் முன் ஜாக்கை ஏற்றி இறக்கிப் பேட்டைச் சமமாக்குங்கள்.

2. புரொப்பெல்லருக்கு மேலே கிடைமட்டமாக நீளும் தகடு பேட்டுக்கு இணையாகும் வரை இன்ஜினை டிரிம் செய்யுங்கள், அதாவது அதன் சாய்வை மாற்றுங்கள்.

3. தரையிலிருந்து பேட்டின் பின்முனை எவ்வளவு உயரம், தரையிலிருந்து ஷாஃப்டின் மையம் எவ்வளவு உயரம் என்று அளந்து, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். பேட் 22¼ அங்குலம், ஷாஃப்ட் 18¾ அங்குலம் என்றால் உங்கள் இன்ஜின் பேட்டுக்கு 3½ அங்குலம் கீழே.

4. இன்ஜினை ஏற்றி இறக்க உதவும் ஜாக் பிளேட் இருந்தால், அந்த நிலையில் அதன் காட்டி எந்த எண்ணில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காட்டியின் எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. இந்த அளவோடு சேர்த்தால்தான் அது பேசும்.

பேட் உள்ள பெரும்பாலான பாஸ் படகுகளுக்கு 3½ முதல் 4 அங்குலம் கீழே என்பது பயமில்லாத தொடக்க நிலை. கடைசியில் 3-க்குப் பக்கத்தில் போய் நிற்பவையும் உண்டு, 3½-ஐ விட்டு நகர விரும்பாதவையும் உண்டு. அடுத்தவர் படகின் அளவைக் கேட்டு அப்படியே வைப்பதில் அர்த்தமில்லை. இன்ஜின் டிரான்சத்திலிருந்து எவ்வளவு பின்னால் தள்ளியிருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். ஜாக் பிளேட்டுகள் 6, 8, 10, 12 அங்குலம் என்று பின்தள்ளல் அளவில் வருகின்றன. படகைத் தாண்டியதும் தண்ணீர் மேலே எழும்புவதால், பின்னால் போகப் போக இன்ஜினையும் உயர்த்தலாம். 8 முதல் 10 அங்குலம் பின்தள்ளலுக்கு ஓர் அங்குல உயரம் என்பது தோராயக் கணக்கு.

ஏரியில் முதல் ஓட்டம்

மீன் பிடிக்கப் போகும் நாளின் சுமையோடுதான் சோதிக்க வேண்டும். காலி டேங்க், ஒற்றை ஆள், காய்ந்த லைவ்வெல் (பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டி) என்று ஓட்டி எடுத்த வேகம் பெருமைக்குத்தான் ஆகும். தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்டு, பெட்ரோல் ஒரு கேலன் ஏறக்குறைய 6 பவுண்டு; 30 கேலன் லைவ்வெல் நிரம்பினாலே 250 பவுண்டு. இன்னொரு ஆள் ஏறியது போல.

லைஃப் ஜாக்கெட், ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிறு இரண்டும் கட்டாயம். 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைந்த படகுகள் பிளேன் நிலையில், அதாவது நீரின் மேல் எழும்பிச் சறுக்கி, ஓடும்போது கில் ஸ்விட்ச் இணைப்பை மாட்டியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க கூட்டாட்சிச் சட்டம். சட்டத்தை விடுங்கள், 70 மைலில் உயரத்தைச் சோதிப்பவருக்கு அது உயிர்க்கயிறு. ஆட்கள் குறைவான நீரில், காலையில், துணைக்கு ஒருவரோடு போங்கள். ஓட்டுபவர் ஓட்டட்டும், துணைக்கு வந்தவர் எழுதட்டும்.

எழுத வேண்டியவை: முழுத் திராட்டிலில் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று), ஜிபிஎஸ் வேகம், குளிர்விக்கும் தண்ணீரின் அழுத்தம், ஜாக் பிளேட் எண், வெப்பநிலை, டேங்கில் எவ்வளவு பெட்ரோல். வேகமானியை நம்பாதீர்கள், ஜிபிஎஸ் மட்டுமே. காற்றோடு ஒரு முறை, காற்றுக்கு எதிரே ஒரு முறை ஓட்டிச் சராசரி எடுங்கள். கண்ணாடி போன்ற அசைவற்ற நீரைவிட மெல்லிய சிற்றலை உள்ள நீரில் படகு எளிதாக ஓடும். எனவே ஒரே நாளில், ஒரே நீர்நிலையில் ஒப்பிட வேண்டும்.

ஸ்லிப் என்ற எண்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பவர் இதைப் படிக்கட்டும்.

புரொப்பெல்லரில் 14½ × 25 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது விட்டம். இரண்டாவது பிட்ச்: மரத்தில் இறங்கும் திருகாணிபோல நழுவாமல் போனால் ஒரு சுற்றில் அது முன்னேறும் அங்குலங்கள். தண்ணீர் மரமல்ல என்பதால் கொஞ்சம் நழுவும். அந்த நழுவல்தான் ஸ்லிப்.

கணக்கு: ஆர்பிஎம்மைப் பிட்ச்சால் பெருக்குங்கள். கியர் விகிதத்தை (புரொப்பெல்லரின் ஒரு சுற்றுக்கு இன்ஜின் எத்தனை சுற்று) 1,056-ஆல் பெருக்கி, அதனால் வகுங்கள். வருவது நழுவலே இல்லாத வேகம், மணிக்கு மைலில். உண்மை வேகம் அதைவிட எத்தனை சதவீதம் குறைவோ அது ஸ்லிப்.

இந்த அளவிலுள்ள பல V6, V8 இன்ஜின்களில் கியர் விகிதம் 1.75. மெர்க்குரியின் 150 ஃபோர்ஸ்ட்ரோக்கில் 1.92. உங்களுடையதைக் கையேட்டில் பார்த்துவிடுங்கள். இதில் தவறினால் எல்லாமே தவறு.

தொடக்கத்தில் சொன்ன இரண்டு படகுகளுக்கும் இதைப் போட்டுப் பார்ப்போம். இரண்டிலும் 25 பிட்ச், 1.75 கியர் என்று வைத்துக்கொள்வோம். 67 மைல் படகு 5,900 ஆர்பிஎம் காட்டுகிறது. நழுவாத வேகம் 79.8, ஸ்லிப் 16 சதவீதம். 71 மைல் படகு 5,750 மட்டுமே காட்டுகிறது. நழுவாத வேகம் 77.8, ஸ்லிப் 8.7 சதவீதம். குறைவாகச் சுற்றுவது வேகமாகப் போகிறது.

இப்போது 67-காரரின் நிலையைப் பாருங்கள். ஆர்பிஎம் உச்சத்தைத் தொடுகிறது என்பதால், பிட்ச்சைக் கூட்டுங்கள் என்றுதான் எல்லாரும் அவருக்குச் சொல்வார்கள். 26-ஐ மாட்டினால் ஆர்பிஎம் இறங்கும், சரியாகிவிட்டது போலத் தெரியும். ஆனால் நழுவல் அப்படியே இருக்கும். புறப்படும்போது இருந்த இழுவையும் போய்விடும். அவருக்குத் தேவை தண்ணீரில் பிடிப்பு. கால் அங்குலம் இறக்குவது, அல்லது பிடிப்பு அதிகமுள்ள வேறு புரொப்பெல்லர்.

நன்றாக அமைந்த பேட் படகில் ஸ்லிப் 7-க்கும் 10-க்கும் இடையில் இருப்பது இயல்பு. 12-ஐத் தாண்டினால் காரணம் தேடுங்கள். ஆர்பிஎம்மும் ஸ்லிப்பும் சேர்ந்து உயர்ந்திருந்தால் இன்ஜின் மிக உயரத்தில் இருக்கிறது, அல்லது டிரிம் அளவுக்கு மேல் வெளியே போயிருக்கிறது, அல்லது பிளேடு அடிபட்டிருக்கிறது. ஆர்பிஎம் குறைவு, ஸ்லிப்பும் குறைவு என்றால் பிட்ச் அதிகம். ஓர் அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும். ஆர்பிஎம் குறைந்து ஸ்லிப் மட்டும் அதிகமாக இருந்தால் படகு நீரிலிருந்து எழும்பவில்லை: மிதமிஞ்சிய சுமை, ஆழத்தில் கிடக்கும் இன்ஜின், வளைந்த அடி, இவற்றில் ஏதோ ஒன்று. ஸ்லிப் 3 அல்லது பூஜ்யத்துக்குக் கீழே என்று வந்தால் குதிக்காதீர்கள். கியர் விகிதத்தைத் தவறாகப் போட்டிருப்பீர்கள், அல்லது பொறித்திருக்கும் பிட்ச் உண்மையான பிட்ச் அல்ல. பிளேடின் பின் ஓரத்தில் இருக்கும் 'கப்' என்ற சிறு மடிப்பு, பிட்ச்சைச் சொன்னதைவிடக் கூட்டிவிடும்.

கால் கால் அங்குலமாக உயர்த்துதல்

கையிலிருக்கும் புரொப்பெல்லரோடு உயரத்தை முதலில் பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை. ஹைட்ராலிக் ஜாக் பிளேட் இருந்தால் பொத்தான்தான். கையால் திருகும் பிளேட் என்றால் கரைக்கு வந்து போக வேண்டும். எதுவுமே இல்லாமல் டிரான்சத்தில் நேரடியாகப் போல்ட் செய்திருந்தால், பிராக்கெட்டின் துளைகள் பொதுவாக முக்கால் அங்குல இடைவெளியில் இருக்கும். ஒரு துளை மேலே போவதே பெரிய தாவல். 500 பவுண்டு எடையுள்ள இன்ஜினைத் தூக்க வேண்டிய வேலை அது. தூக்கிச் சங்கிலி இல்லாதவர் கடையில் கொடுத்துவிடலாம்.

உயர்த்தினால் வேகம் கூடுவதற்குக் காரணம் எளிது. நீருக்குள் இருக்கும் கியர்பாக்ஸின் இழுவை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப கூடும். 70 மைலில் அரை அங்குல உலோகத்தை நீரிலிருந்து வெளியே எடுத்தாலும் தெரியும். ஆனால் புரொப்பெல்லர் நீர்ப்பரப்பை நெருங்க நெருங்கக் காற்றை உள்ளிழுக்கத் தொடங்கும். அங்கே லாபம் நின்றுவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு. பேட்டுக்கு 4 அங்குலம் கீழே: 5,550 ஆர்பிஎம், 68 மைல். 3½-ல்: 5,650, 70 மைல். 3¼-ல்: 5,720, 71 மைல். 3-ல்: 5,850, அதே 71. 2¾-ல்: 5,980, 70 மைல். அதே 25 பிட்ச், 1.75 கியரில் ஸ்லிப்பைப் போட்டுப் பார்த்தால் 9.4, 8.4, 8.2 என்று இறங்கி, பிறகு 10.3, 13.5 என்று ஏறுகிறது. ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாமல் நின்ற 3 அங்குலம்தான் எல்லை. அதிலிருந்து கால் அங்குலம் இறங்கி 3¼-ல் நிறுத்த வேண்டும். ஒவ்வோர் உயரத்திலும் டிரிம்மை மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பழைய டிரிம்மிலேயே ஓட்டிவிட்டு உயரத்தைக் குறை சொல்வது வழக்கமாக நடப்பது.

இடையில் கண் ஓயாமல் தண்ணீர் அழுத்தக் காட்டியில் இருக்கட்டும். உறிஞ்சும் துளைகள் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருப்பதால் உயர உயரக் காற்றும் சேர்ந்து உள்ளே போகும். எவ்வளவு பிஎஸ்ஐ வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். கையேடு சொல்வதே வேதம். முதல் ஓட்டத்தில் எழுதிய அழுத்தத்திலிருந்து சட்டென்று விழுந்தாலோ, முள் நடுங்கினாலோ உடனே இறங்குங்கள். ஒரு மைல் வேகத்துக்காக இன்ஜினைக் கருக்குவதில் என்ன இருக்கிறது? மூக்கிலேயே தண்ணீர்த் துளை வைத்த கியர்பாக்ஸ்கள் இன்னும் உயரத்தைத் தாங்கும்.

நேர்கோட்டில் சரியாக இருப்பது வளைவில் கைவிடலாம். மிதமான வேகத்தில் வளைத்துப் பாருங்கள். பின்பகுதி திடீரென நழுவி இன்ஜின் கத்தினால் அந்த உயரம் உங்களுக்கு ஆகாது. முழு வேகத்தில் படகு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கினால் அது 'சைன் வாக்'. ஸ்டியரிங்கில் கொஞ்சம் தளர்வு இருந்தாலும் அது பெரிதாகும். முதலில் டிரிம்மை உள்ளே இழுத்து ஆட்டத்தை அடக்குங்கள். பிறகு ஸ்டியரிங்கைப் பாருங்கள், அதன்பின் உயரத்தைப் பாருங்கள். ஆட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே வேகத்தைக் கூட்டுபவர்கள்தான் தூக்கி எறியப்படுகிறார்கள்.

இனி புரொப்பெல்லர்

உயரம் ஓரளவு பிடிபட்ட பிறகே கடைக்குப் போங்கள். கையில் ஆர்பிஎம், வேகம், ஸ்லிப் மூன்றும் எழுதிய தாள் இருந்தால் கடைக்காரரோடு நடக்கும் பேச்சே வேறு.

ஆர்பிஎம் எங்கே நிற்க வேண்டும்? இன்ஜின் கையேடு ஒரு வரம்பு தரும். மீன்பிடிச் சுமையோடு அதன் மேல் கால் பகுதியில், அளவுக்கு மேல் சுற்றாமல் இன்ஜினைத் தடுக்கும் ரெவ் லிமிட்டரைத் தொடாமல் நிற்பது நல்லது. வரம்புக்குக் கீழே முழுத் திராட்டிலில் திணறவிட்டால் இன்ஜினுக்குத்தான் கேடு.

மூன்று பிளேடா, நான்கு பிளேடா என்பது தீராத சண்டை. பிளேடு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதை ரேக் என்கிறார்கள்; ரேக் அதிகமுள்ள மூன்று பிளேடு, மெர்க்குரியின் ஃபியூரி, டெம்பெஸ்ட் பிளஸ் போன்றவை, மூக்கைத் தூக்கி உச்ச வேகம் தரும். நான்கு பிளேடு, அதாவது பிராவோ ஒன், ஃபியூரி 4 வகையறா, நீரை இறுக்கிப் பிடிக்கும்: புறப்படும்போது வேகமாக எழும்பும், குறைந்த வேகத்திலும் பிளேனை விடாது, அலையிலும் வளைவிலும் நம்பகமானது, அதே படகில் சற்று உயரமாகவும் ஓட்டலாம். மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது பொதுவாக ஓர் அங்குலப் பிட்ச் குறைத்து வாங்க வேண்டும். மாற்றியபின் உயரத்தைத் திரும்பவும் கால் கால் அங்குலமாகச் சோதிக்க வேண்டும். மூன்று பிளேடுக்குச் சரியாக இருந்த உயரத்தில் நான்கு பிளேடை ஓட்டிப் பார்த்துவிட்டு "இது மெதுவாக இருக்கிறது" என்று தீர்ப்பு எழுதுபவர்கள் ஏராளம்.

என் சார்பை மறைக்கவில்லை. போட்டிக்கு ஓடாத, வார இறுதியில் இரண்டு பேரோடு டெக்சஸின் லேக் ஃபோர்க் ஏரியில் காய்ந்த மரங்களுக்கு நடுவே போகிறவருக்கு நான்கு பிளேடுதான். உச்சத்தில் ஓரிரு மைல் போகும். ஆனால் படகு உச்சத்தில் ஓடுவது நாளில் எத்தனை நிமிடம்? நெடுந்தூரம் தாண்ட வேண்டிய சாம் ரேபர்ன் போன்ற விரிந்த நீர்த்தேக்கத்தில், அதுவும் நேரத்தோடு போட்டி என்றால், மூன்று பிளேடுக்கு நியாயம் உண்டு.

புறப்பாடு மந்தமாக இருந்தால் உடனே பிட்ச்சைக் குறைக்க வேண்டியதில்லை. சில புரொப்பெல்லர்களின் நடுக்குழாயில் பிளேடுகளுக்குப் பின்னால் துளைகள் இருக்கும். அவற்றின் வழியே புகை வெளியேறி, புறப்படும் நொடிகளில் பிளேடைக் கொஞ்சம் நழுவ விட்டு இன்ஜினைச் சட்டெனச் சுழல விடும். மெர்க்குரியில் அந்தத் துளைகளுக்கு வெவ்வேறு அளவுப் பிளாஸ்டிக் அடைப்பான்கள் உண்டு. சில டாலர்களில் முடிகிற வேலை. துளை மிகப் பெரிதானால் இன்ஜின் கத்தும், படகு நகராது.

இன்னொன்று. ஒரே பெயர், ஒரே பிட்ச் பொறித்த இரண்டு புரொப்பெல்லர்கள் ஒன்றுபோல ஓட வேண்டும் என்பதில்லை. வார்ப்பிலும் கையால் தேய்த்து முடிப்பதிலும் சிறு வேறுபாடுகள் வரும். எனவே ஓட்டிப் பார்க்கத் தரும் கடையைத் தேடுங்கள். கிரெடிட் கார்டைப் பிணை வைத்துக்கொண்டு வார இறுதிக்குக் கொடுப்பவர்கள் உண்டு. உங்களுக்கு ஏறக்குறையப் பொருந்திய ஒன்றில் கப் மடிப்பைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்து தரும் புரொப்பெல்லர் பட்டறைக்குக் கொடுத்தால், புதியதை வாங்குவதில் பாதிச் செலவுகூட ஆகாது.

ஏரி மாறினால்

கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் இன்ஜின் ஏறக்குறைய 3 சதவீதம் திறனை இழக்கும். புளோரிடாவின் ஓக்கிசோபியில் அமைத்த படகை, 2,100 அடியிலுள்ள அரிசோனாவின் ரூஸ்வெல்ட் ஏரிக்கு இழுத்துப் போனால் 6 சதவீதம் போச்சு. அங்கே ஓர் அங்குலம் குறைந்த பிட்ச் வேண்டியிருக்கும். டெக்சஸின் ஆகஸ்ட் வெயிலும் ஈரக்காற்றும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்யும். பிப்ரவரி குளிரில் ரெவ் லிமிட்டரை உரசுகிற படகு, ஆகஸ்டில் சரியாக இருக்கும். அதனால் எந்த மாதத்தில் அதிகம் ஓட்டுகிறீர்களோ அந்த மாதத்தில் முடிவெடுங்கள்.

மாட்டும்போது

ஷாஃப்டின் பற்களில் மரைன் கிரீஸ் தாராளமாகப் பூசுங்கள். புரொப்பெல்லருக்கு முன்னால் வரும் வளையமான த்ரஸ்ட் வாஷரின் சரிவான பக்கம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பிளேடு சுழலாமல் இருக்க ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, கையேட்டில் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) நட்டை இறுக்குங்கள். கட்டையை வைக்கும் முன் சாவியை எடுத்துவிட வேண்டும். முதல் ஓட்டம் முடிந்து கரை சேர்ந்ததும் புரொப்பெல்லர் நட்டையும் ஜாக் பிளேட் போல்ட்டுகளையும் இன்னொரு முறை டார்க் ரெஞ்சால் பார்த்துவிடுங்கள். புதிதாக ஏற்றிய இன்ஜின் தன் எடையில் உட்கார்ந்து கொஞ்சம் தளரும். கழற்றிய பழைய புரொப்பெல்லரை விற்றுவிடாமல், ஒரு உபரி நட், வாஷர், அந்த மரக்கட்டை, ரெஞ்ச் எல்லாவற்றோடும் படகின் பின்பெட்டியில் போட்டு வையுங்கள். நீர் இறங்கிய மாதங்களில் முதல் அடிமரம் எங்கே காத்திருக்கிறது என்று வரைபடம் காட்டாது.